முதல் பந்திக்கு மட்டும் முந்திரி

காஜா பெராங்,
மலாக்கா.
9-6-1957, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் நல்லையா அவர்களுக்கு ராஜரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகள் சிவகாமியைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நாங்கள் சுகமாக இருப்பதுதான் இப்போது பெரிய தகராறாகியிருக்கிறது. தங்கள் உதட்டு வீக்கம் வடிந்ததா, கண்ணைத் திறக்க முடிகிறதா, பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியுமா என்று தங்கள் தங்கை பாக்கியலட்சுமி கேட்கச் சொல்கிறாள். முடியுமானால் இக்கடிதம் கண்டதும் சிரம்பானிலிருந்து புறப்பட்டு வரவும். முடியாவிட்டால் நின்றுகொண்டாவது வரவும். வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தி சேதுபதி வீட்டார் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கப் போகிறார்களாம். தட்டு திரும்பி வந்த பெண்ணை இந்த ஊரில் யார் கேட்டு வருவார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். சிவகாமிக்குத் தாய்மாமனும் தாங்கள், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் தாங்கள். அவர்களிடம் போய்ப் பேச வேறு ஆள் எனக்கு இல்லை. இருந்தவர்கள் எல்லோருக்கும் முகம் வீங்கிவிட்டது.

தாங்கள் பேசும்போது உதவும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் முன்கூடத்தில், மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் பந்தியில் இருந்தீர்கள். பின்கட்டில் நடந்தது தங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கொல்லையில் இரண்டு முந்திரி மரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வருடம் நன்றாகக் காய்த்தன. கடை முந்திரி பழசாக இருக்கும், சொந்த மரத்து முந்திரியைப் பாயசத்தில் போட்டால் பெண் வீட்டாரின் கை தாராளம் என்பது தெரியும் என்று யோசனை சொன்னவன் நான். கொட்டையைச் சுட்டவனும் நான்தான். ஒரு பிஸ்கட் டின்னில் ஆணியால் துளை போட்டு, கொட்டைகளை நிரப்பி, தென்னை மட்டை நெருப்பில் வைத்தேன். அந்தச் சின்னக் கொட்டைக்குள் அவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டின் பற்றிக்கொண்டு கரும்புகை கிளம்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணிகளைக் காயப்போட்டிருந்த மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள், தலைமுறைகளாக மலாயே பேசும் குடும்பம், தமிழ் தெரியாதவர், ‘அசாப், அசாப்’ என்று புகையைக் காட்டி மலாயில் கத்தினார். நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டேன். கொட்டைகளில் சில கருகியும் பல பச்சையாகவும் இருந்தன. மறுபடி நெருப்பு மூட்டினால் அந்த அம்மாள் வேலியைத் தாண்டி வந்துவிடுவாரோ என்று பயந்து அப்படியே உடைத்துப் பருப்பை எடுத்தேன். மறுநாள் சம்பந்தியோடு தட்டு மாற்ற வேண்டிய கையில் கறை படக் கூடாது என்று நான் வேலை பார்க்கும் தண்ணீர் இலாகாவின் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டேன். பருப்பில் கொஞ்சம் பிசுக்கு இருந்தது. நெய்யில் வறுத்தால் சரியாகிவிடும் என்று பாக்கியம் சொன்னாள். நெய் நல்ல மணமாகத்தான் இருந்தது.

பாயசம் இரண்டு பாத்திரங்களில் இறக்கப்பட்டது. வறுத்த முந்திரியும் அந்த நெய்யும் முதல் பாத்திரத்துக்கு. அது வந்தவர்களுக்கு. இரண்டாவது பாத்திரம் வெறும் பாயசம், வீட்டு மனிதர்களுக்கு. இது தங்கள் வீட்டு வழக்கம், தங்கள் தங்கையோடு கூடவே வந்தது. என் தகப்பனார் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் ருசி பார்க்கவில்லை. படைத்த பிறகு முதல் பந்தி நடந்தது. பாக்கியம் கரண்டியை அடிவரை விட்டு, முந்திரியை அரித்தெடுத்து ஊற்றினாள். சம்பந்தியம்மாள் சாரதாம்பாள் போதும் போதும் என்று கையை மறித்தார். மறித்த விரல்களுக்கு இடையிலேயே மூன்றாம் தடவை ஊற்றப்பட்டது. அவருடைய மூத்த மகள் ஜெயாவுக்கு இரண்டு தடவை. சேதுபதிக்கும் தங்களுக்கும் எத்தனை என்று தாங்களே அறிவீர்கள். வாடகைக் கார் ஓட்டிவந்தவருக்கு இரண்டாவது பாத்திரத்திலிருந்து கொடுத்தோம். அவர் இன்றுவரை காரில் உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் திருப்தியாகத்தான் போனார்கள். இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு ஜாலான் பெண்டஹாராவில் சேதுபதியின் துணிக்கடை வாசலில் வேப்பிலை கட்டியிருப்பதாக என் ஆபீசில் ஒருவர் சொன்னார். ஆகஸ்டில் வரும் மலாயா சுதந்திர தினத்துக்குக் கொடித் துணி கேட்டு ஆட்கள் வந்து குவிகிற நேரம் இது. அந்த நேரத்தில் அந்த மனிதர் வேப்பிலையைக் கட்டினார் என்றால் விஷயம் பெரிது என்று ஓடினேன். கடைக்குள் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியவில்லை என்பதை ஒரு நாற்காலி அவருக்குப் பின்னால் காலியாக இருந்து சொல்லிற்று. உதடு தடித்து, கன்னமெல்லாம் சிவந்து, அங்கங்கே கொப்புளம். அவரை எனக்குக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

“உள்ள வராதீங்க. ஆத்தா வந்திருக்கா. எனக்கு, வீட்டுக்காரிக்கு, பெரிய பொண்ணுக்கு, மூணு பேருக்கும். உங்க வீட்ல யாருக்கு?”

“யாருக்கும் இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்.”

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவருடைய முகத்தில் அசையக்கூடிய பகுதி அசைந்தது.

“ஒருத்தருக்குமா இல்ல?”

“இல்லீங்க.”

“எங்க வீட்ல மூணு பேரு. உங்க வீட்ல ஒரு பூச்சிகூட கடிக்கல. நிச்சயம் பண்ணின கையோட ஆத்தா எங்களத் தேடி வந்திருக்கான்னா, இந்தச் சம்பந்தம் அவளுக்குப் பிடிக்கலன்னுதானே அர்த்தம்?”

“தம்பிக்கு எப்படி இருக்குங்க?” என்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

“தியாகுவுக்கு ஒண்ணுமில்ல. தந்தி ஆபீசுக்குப் போயிருக்கான். அதுதான் எனக்கே குழப்பமா இருக்கு.”

மாடியிலிருந்து சாரதாம்பாளின் குரல் மட்டும் இறங்கி வந்தது. “அவங்க குலதெய்வத்துக்கு என்ன வேண்டுதல் பாக்கி வெச்சிருக்காங்கன்னு கேளுங்க. கேக்காம அனுப்பாதீங்க.”

ஒரு பாக்கியும் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வீடு திரும்பினால், சிவகாமி வாயைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதட்டைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கிறது. இதைப் போய்ச் சம்பந்தியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். பாக்கியம் என் வாயைப் பொத்தினாள். கல்யாணப் பெண் முகத்தில் அம்மை என்று தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள், தட்டு இன்றைக்கே வந்துவிடும் என்றாள். அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று தெருவெல்லாம் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் பேச்சு இன்னும் கெட்டது.

இதற்கிடையில் சேதுபதி, டாக்டர் ஜெயபாலனிடம் காட்டியிருக்கிறார். இது அம்மை இல்லை, ஏதோ ஒரு செடி ஒத்துக்கொள்ளாமல் வந்தது, எந்தப் புதருக்குள் போனீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். நான் துணி வியாபாரி, நான் எதற்குப் புதருக்குள் போகிறேன் என்று சேதுபதி கோபித்துக்கொண்டு மருந்து வாங்காமல் வந்துவிட்டார். செடி என்ற சொல் மட்டும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வாசலில் நின்றபோது ஏதாவது உரசியிருக்கும் என்று அன்று மாலையே அரிவாளை எடுத்தேன். செவ்வரளியை வெட்டினேன். குரோட்டன்ஸை வேரோடு பிடுங்கினேன். தாழம்புதர் போயிற்று. பாக்கியம் ஆசையாக வைத்த மல்லிகைப் பந்தல் போயிற்று. அழுதாள். மகளுக்காகத்தானே என்றதும் அவளே பிடித்து இழுத்தாள். கொல்லையில் முந்திரி மரங்களைத் தவிர நிழலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. களைத்துப்போய் அவற்றின் அடியில்தான் உட்கார்ந்தேன்.

அடுத்து, சாரதாம்பாளிடம் பேசப் பொன்னம்மாவை அழைத்தோம். இந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களை முடித்து வைத்தவர், அவர் சொன்னால் சாரதாம்பாள் கேட்பார். வந்தார், பாக்கியம் ரவா கிச்சடி கொடுத்தாள். பெரிய காரியமாக வந்தவர் என்பதால் டப்பாவில் மிச்சமிருந்த முந்திரியில் ஒரு கை அள்ளி வறுத்துப் போட்டாள். “நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத ராஜரத்தினம், அவ என் பேச்சத் தட்ட மாட்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல நாள் பார்த்து மூன்றாம் நாள் போவதாகத் திட்டம். மூன்றாம் நாள் அவருடைய கண் இரண்டும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பாக்கியம் பயந்துபோய்க் கோயில் குருக்களை அழைத்து வீட்டில் ஒரு சாந்தி பூஜை செய்தாள். நைவேத்தியம் சர்க்கரைப் பொங்கல். பூஜை முடிந்ததும் முந்திரியையெல்லாம் பொறுக்கி அவர் பங்கில் வைத்துக் கொடுத்தாள். தங்கள் தங்கைக்குக் கை தாராளம் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. இப்போது குருக்கள் நின்றபடியே அர்ச்சனை செய்கிறார். அந்த வீட்டுப் படியேறினால் முகம் வீங்கும் என்று ஊரில் முடிவாகிவிட்டது. தட்டைத் திருப்ப வெள்ளிக்கிழமை என்று சம்பந்தி வீட்டிலும் நாள் குறித்துவிட்டார்கள். ரொட்டிக்காரர்கூடச் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மணியடிக்கிறார்.

வேறு வழியில்லாமல் நேற்று நான் டாக்டரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்கே அழைத்து வந்தேன். சிவகாமியைப் பார்த்தார். அம்மை இல்லை, தொத்தாது, ஒரு வாரத்தில் தழும்பில்லாமல் ஆறும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பாக்கியம் அவருக்கு உப்புமா கொண்டுவந்து வைத்தாள். அவர் கரண்டியைக் கையில் எடுத்தபடி விசாரித்தார்.

“வந்தவங்களுக்கு என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க?”

“நாங்க சாப்பிட்டதத்தான் டாக்டர். வந்தவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னா சமைப்போம்?”

“அப்ப உங்களுக்கு ஏன் வரல?”

“எங்க மனசு சுத்தம்.”

“மனசு இருக்கட்டும். பாயசம் ஒரே பாத்திரமா?”

“ஒரே பாயசந்தான். ரெண்டு பாத்திரம். முந்திரி மட்டும் அவங்களுக்கு. இதெல்லாம் ஒரு வித்தியாசமா டாக்டர்?”

“பொன்னம்மாவுக்குக் குடுத்த கிச்சடி?”

“முந்திரி போட்டு.”

“குருக்களுக்கு?”

“போடாமக் குடுத்தா மரியாதையா இருக்குமா?”

டாக்டர் உப்புமாவைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தார். “இது?”

“உங்களுக்குன்னு தனியாப் போட்டது.”

அவர் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு முந்திரி டப்பாவைக் கேட்டார். ஒரு பருப்பை வெளிச்சத்தில் பிடித்து, அதன் மேல் காய்ந்திருந்த பழுப்புப் பிசுக்கை எனக்குக் காட்டினார். “ரெங்காஸ் மரத்துப் பால் பட்டா தோலு எப்படிக் கொப்பளிக்கும்னு தெரியுமில்ல? இந்தக் கொட்டையோட தோலுக்குள்ள இருக்கிற எண்ணெய் அதுக்குப் பங்காளி. நல்லாச் சுட்டுச் சுத்தம் பண்ணினாப் போயிடும். நீங்க பாதியில அணைச்சிருக்கீங்க. உடனே தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கிளம்பும், வாயில ஆரம்பிச்சு போற வழியெல்லாம். எவ்வளவு சாப்பிட்டாங்களோ அவ்வளவு.” அப்போதுதான் எனக்கு மனத்தில் ஓடிற்று. சாரதாம்பாளுக்கு மூன்று தடவை, அவருக்குத்தான் அதிகம். யாருக்கு எவ்வளவு மரியாதை செய்தோமோ அவ்வளவு வீங்கியிருக்கிறது. எங்கள் உபசாரம் முழுவதும் சம்பந்தி வீட்டாரின் முகத்தில் எழுதியிருக்கிறது.

ஆனால் இதிலும் ஓர் இடறல் இருக்கிறது. சிவகாமி வீட்டுப் பெண், இரண்டாவது பாத்திரத்தில் குடித்தவள். அவளுக்கு ஏன் வந்தது? மாப்பிள்ளை முதல் பந்தியின் நடுவில் உட்கார்ந்தவர், அவருக்கென்று வெள்ளி டம்ளரில் முந்திரி மிதக்கக் கொடுத்தோம். அவருக்கு ஏன் வரவில்லை? டாக்டரிடம் கேட்டேன். அவர் பையை மூடிக்கொண்டே, “அத உங்க மகளத்தான் கேக்கணும்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டேன். “ரெண்டாவது பாத்திரத்துலதாம்பா குடிச்சேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். என் மகள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆகவே டாக்டரின் கணக்கு எல்லோருக்கும் பொருந்தி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு பேருக்கு மட்டும் பொருந்தாமல் நிற்கிறது. முந்திரிதானா அல்லது உண்மையிலேயே ஆத்தாதானா என்று எனக்கு மறுபடியும் சந்தேகமாக இருக்கிறது.

இப்போது தங்களிடம் கேட்பது இதுதான். தாங்கள் வந்து சேதுபதியிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. ஆத்தாதான் என்று ஒப்புக்கொண்டால் என் மகள் ராசியில்லாதவள். முந்திரி என்று சொன்னால் அவள் தகப்பன் சம்பந்திக்கு நஞ்சு வைத்தவன். இரண்டில் எது கல்யாணத்தை நடக்க விடும் என்று தாங்களே யோசித்து அதைச் சொல்லவும். முந்திரி என்று சொல்வதானால் எங்கள் மரத்து முந்திரி என்று சொல்ல வேண்டாம். கடை முந்திரி என்றும் சொல்ல வேண்டாம், அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் மளிகைக்கடை, நேரே போய்ச் சண்டை பிடிப்பார். இரண்டு பாத்திரம் என்பதைச் சொல்லவே வேண்டாம். சிவகாமிக்கு வந்ததையும் சொல்ல வேண்டாம். இவை தவிர மற்ற உண்மை முழுவதையும் அப்படியே சொல்லிவிடலாம். ஆவணியில் வைத்த கல்யாணம் ஆவணியில் நடக்க வேண்டும். சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு நடுவே அந்த மண்டபத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு தங்களுக்குத் தெரியும். சிவகாமி வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கல்யாணத்துக்கென்று எடுத்த புடவையை அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள். அதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

தங்கள் இல்லத்தாருக்கு எங்கள் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசிகளையும் சொல்லவும். எல்லோர் மேனியும் முகமும் பழையபடி ஆகி, பார்த்தால் இன்னார் என்று தெரிகிற நிலைக்கு வர வேண்டும் என்று இறைவனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ராஜரத்தினம்

பின்குறிப்பு (திங்கட்கிழமை காலை): இதைத் தபாலில் சேர்க்கச் செருப்பை மாட்டியபோது வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. சாரதாம்பாள் இறங்கினார். பின்னால் சைக்கிளில் மாப்பிள்ளை தியாகு. தட்டு வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்துவிட்டது என்று நினைத்து மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டி நடந்தார். நேரே பின்கட்டுக்குப் போய், சிவகாமியின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, அவள் உதட்டையே பார்த்தார். அவருடைய உதட்டில் இன்னும் தடிப்பு இருந்தது.

“எப்ப வந்துச்சு?”

“உங்களுக்கு வந்த அன்னிக்கேதான் அத்தை.”

“டேய் தியாகு, இங்க வா. எங்கிட்ட சொன்னத இவங்க முன்னால சொல்லு.”

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு இனிப்பு ஆகாதுங்க மாமா. கீழ ஊத்திட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு ஒரே ஒரு வாய் வெச்சேன், முந்திரியெல்லாம் அப்படியே இருந்துச்சு. டம்ளரோட கை கழுவக் கிணத்தடிக்குப் போனப்ப இவங்க அங்க நின்னாங்க. வேணுமான்னு கேட்டேன். குடிச்சிட்டாங்க. நேத்து ஜன்னல்ல பாத்தப்பதான் இவங்களுக்கும் வந்திருக்குன்னு தெரிஞ்சுது.”

எந்த ஜன்னல், எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. இதுதான் சமயம் என்று முந்திரி விவரத்தைத் தொடங்கினேன், கொட்டை, எண்ணெய், ரெங்காஸ் மரம் எல்லாவற்றையும். சாரதாம்பாள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

“முந்திரி திங்காத ஊரா இது? பேசாம இருங்க சம்பந்தி. எம்மவன் வாய் வெச்ச எச்சில இவ குடிச்சிட்டா. எங்க குடும்பத்துக்கு வந்த நோவையும் சேத்து வாங்கிக்கிட்டா. உங்க வீட்ல ஒருத்தருக்கும் வராம இவளுக்கு மட்டும் வந்திருக்குன்னா, ஆத்தா இவள எங்க வீட்டு ஆளாத்தான் எண்ணியிருக்கா. இனிமே தட்டத் திருப்பி யாருகிட்ட குடுக்கறது? எங்க வீட்டுப் பொண்ண ஆவணி வரைக்கும் உங்க வீட்ல விட்டு வைக்க முடியாது.”

ஆகவே மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். சேதுபதியிடம் பேச வேண்டாம். டாக்டரின் விளக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். சிவகாமிக்கு வந்ததை மட்டும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லவும். மண்டபம் இனி வேண்டியதில்லை, கோயிலிலேயே தாலி கட்டுகிறார்கள். புடவை அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது, யார் எடுத்துக் கொடுத்தது என்று தெரியவில்லை. வந்தது முந்திரியா ஆத்தாவா என்றும் எனக்கு இதுவரை விளங்கவில்லை. விளங்கியது முகூர்த்தம் ஒன்றுதான்: ஆனி இருபதாம் தேதி, வியாழக்கிழமை. தாய்மாமன் மாலையோடு முந்தின நாளே வந்துவிடவும்.